தாப்பாவில் கிறிஸ்மஸ் கள்ளி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தாப்பாவில் கிறிஸ்மஸ் கள்ளி நன்றாக வளரும். தண்டை ஒடித்து நட்டால் வேரும் பிடிக்கும். பூ மட்டும் சுலபத்தில் கிடைக்காது. டிசம்பர் மாதம் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நுனிக்கு நுனி மொட்டோடு வாங்கி வருகிறோம். பொங்கல் வருவதற்குள் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. அடுத்த டிசம்பரில் பார்த்தால் செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது, பேருக்கு ஒரு மொட்டு இல்லை. "மருந்தடிச்சுப் பூக்க வச்சு ஏமாத்தி வித்துட்டானுங்க" என்று சொல்லிச் சட்டியோடு குப்பையில் போடுகிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. செடி பழகிய குளிர் வேறு, நம் ஊர் புழுக்கம் வேறு. என் வீட்டு முன்வாசலில் தொங்கும் சட்டிகளில் பாதி அப்படிக் குப்பைக்குப் போனவற்றின் தண்டிலிருந்து வந்தவைதான்.

எங்கள் ஊர் கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையின் தொடக்கம். இங்கிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பாதி வழி வளைவுதான். ஊரைச் சுற்றி முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம் என்றாலும் ஆட்கள் தோட்டத்து ஆட்கள்தான். கறிவேப்பிலை, துளசி, கற்றாழை, பண்டான் இல்லாத முன்வாசல் கிடையாது. அந்த வரிசையில் இந்தக் கள்ளியும் வந்து சேர்ந்தது மலையிலிருந்து இறங்கும் லாரிகளின் புண்ணியத்தில்.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம். கள்ளி என்றதும் பாலைவனம் என்று நினைத்து நடு வெயிலில் வைக்கிறார்கள். இது பாலைவனத்துக் கள்ளியே இல்லை. பிரேசில் நாட்டின் தென்கிழக்குக் கரையோரம், ரியோ டி ஜெனிரோவுக்குப் பின்னால் இருக்கும் மலைக்காடுகள் இதன் சொந்த ஊர். அங்கே மண்ணில்கூட வளராது. மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும், இலை மக்கிச் சேர்ந்த ஒரு பிடி குப்பையில் வேர் விட்டுத் தொங்கும். நம் செம்பனை மரத்து மட்டை இடுக்குகளில் பெரணி தொற்றி வளர்கிறதே, அதே பிழைப்பு. மரத்தை உறிஞ்சாது, தங்க இடம் மட்டும் வேண்டும். மர நிழல், மலைக் குளிர், அடிக்கடி மழை, நனைந்த வேர் சீக்கிரம் காய்வதற்குக் காற்று. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்தச் செடிக்கு இலை கிடையாது. சங்கிலியாகக் கோத்து நிற்கும் பச்சை வில்லைகள் எல்லாமே தண்டுதான். இலை செய்யும் வேலையையும் அதுவே செய்கிறது. இரண்டு வில்லைகள் சேரும் கணுவிலும் வில்லையின் நுனியிலும் மயிர் மாதிரி மெல்லிய முளையோடு சிறு புள்ளிகள் இருக்கும். வேர், புதுக் கிளை, மொட்டு எல்லாம் அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வரும். ஆகவே ஒரு வில்லையை நடுவில் வெட்டி நடுவதைவிடக் கணுவோடு எடுத்து நட்டால் சீக்கிரம் பிடிக்கும்.

கடையில் கிறிஸ்மஸ் கள்ளி என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. வில்லையின் ஓரம் நண்டுக் காலாகக் கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்று. ஓரம் மழுங்கி, அலை அலையாக இருந்தால் இன்னொன்று. மழுங்கினது இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பக்லி என்ற தோட்டக்காரர் இரண்டு காட்டு வகைகளைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. பழைய கிறிஸ்மஸ் கள்ளி அதுதான். பூவின் மகரந்தப் பையைப் பார்த்தாலும் தெரியும்: கூர் ஓரத்துக்கு மஞ்சள், மழுங்கினதுக்கு ஊதா சாயல். நம் பக்கம் வருவது பெரும்பாலும் கூர் ஓரத்து வகை. இது குளிர்நாடுகளில் நவம்பரிலேயே பூத்துவிடும், அதாவது நம் தீபாவளியை ஒட்டி. பக்கத்து வீட்டு அக்கா தேவாலயத்துக்குப் போகிறவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இது உங்க வீட்டுச் செடி பாப்பா, எங்க வீட்டுல சும்மா வாடகைக்கு இருக்கு" என்றார். பிரேசிலிலோ இது மே மாதம் பூக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அப்போது பகலைவிட இரவு நீளம். செடிக்குப் பண்டிகை தெரியாது, இரவுதான் தெரியும். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒடிப்பது.

பூ முடிந்த பிறகு ஒடிப்பதுதான் சரி. எங்கள் ஊரில் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் மாதங்கள், அதனால் தைப்பூசத்தை ஒட்டி ஒடித்தால் அழுகல் குறைவு. அக்டோபர், நவம்பர் அடைமழையில் ஒடித்து நட்டால் பாதி போகும். செடியில் நுனியில் இருக்கும் பளபளப்பான, சிவப்போடிய இளம் வில்லை வேண்டாம். அடியில் பழுப்பேறி மரமாகிப் போனதும் வேண்டாம். நடுவாந்திரத்தில், விரலால் மடக்கினால் விறைப்பாக நிற்கும் முற்றின வில்லைகளைக் கொண்ட கிளையாகப் பாருங்கள். ஒரு துண்டில் மூன்று வில்லை இருந்தால் நல்லது. ஒரே ஒரு வில்லை வைத்தாலும் வேர் வரும், ஆனால் அது சட்டி நிறையும் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும். மேல் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் அதை முதலில் எடுங்கள். பிறந்ததிலிருந்தே இரண்டு கிளை.

மழைக்காலத்தில் சில கிளைகளின் கணுவில் வெள்ளையாக, இளஞ்சிவப்பாக மெல்லிய நரம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நோய் என்று நினைத்துப் பிய்த்துப் போடாதீர்கள். காற்று ஈரத்தை மோப்பம் பிடித்து வரும் வேர் அது. அப்படி வேர் எட்டிப் பார்க்கும் கிளை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கத்தி தேவையில்லை. கணுவுக்குக் கீழே இருக்கும் வில்லையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேல் வில்லையை மற்றக் கையால் கால்வட்டம் திருகினால் சொடக்கென்று கழன்று வரும். காயம் சின்னதாக இருக்கும், சுத்தமாகவும் இருக்கும். கத்தியால் வெட்டினால் கத்தியில் இருக்கும் அழுக்கு உள்ளே போகிறது. சில முரட்டுக் கிளைகள் திருகினால் கிழியும். அதற்கு மட்டும் சுடுநீரில் துடைத்த பிளேடு.

ஒடித்ததும் நடக்கூடாது. இதுதான் நம் ஆட்களுக்கு மனசு வராத இடம். மரவள்ளிக் குச்சியும் முருங்கைப் போத்தும் ஒடித்த கையோடு ஊன்றிப் பழகிய கை, சும்மா இருக்காது. இந்தத் துண்டில் தண்ணீர் அதிகம். பச்சைக் காயத்தோடு ஈரத்தில் வைத்தால் பூஞ்சை நுழைந்துவிடும். நிழலான இடத்தில், நாளிதழின் மேல், ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். காற்று வறண்ட ஊர்களில் ஒரு நாள் போதும் என்பார்கள். நம் ஊர் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் இரண்டு, மூன்று நாள் கொடுப்பது உசிதம். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் ஒரு நாள். ஒடித்த இடம் உலர்ந்து, தோல் கட்டி, தொட்டால் சொரசொரவென்று இருக்க வேண்டும். துண்டு கொஞ்சம் வாடும், பயப்பட வேண்டாம்.

அப்பா தோட்டத்து நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டியவர். ரப்பர் விதைக்கன்றின் பட்டையில் கதவு மாதிரி கீறித் திறந்து, உயர்ந்த ரகத்து மொட்டுக் கண்ணை உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் அவிழ்ப்பது. அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும், தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. இடையில் திறந்து பார்க்கிற ஆளை மேற்பார்வை செய்யும் மண்டோர் வேலையை விட்டே மாற்றிவிடுவாராம். "கட்டுறதுக்கு ஒரு நிமிசம், தொடாம இருக்கிறதுக்கு மூணு வாரம் சம்பளம்" என்று அப்பா சொல்வார். கள்ளித் துண்டை நட்டுவிட்டுத் தினமும் இழுத்துப் பார்க்கிறவர்களைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு ஞாபகம் வரும். புது வேர் நூலைவிட மெல்லியது, ஒரு இழுப்பில் போய்விடும்.

மண். இந்த இடத்தில்தான் துண்டு பிழைப்பதும் சாவதும் முடிவாகிறது. வீட்டுக்குப் பின்னால் தோண்டும் மஞ்சள் களிமண் மழையில் சேறு, வெயிலில் செங்கல். அதில் இந்தச் செடிக்கு மூச்சு முட்டும். நர்சரியில் பையில் அடைத்து விற்கும் கறுப்பு மண்ணையும் அப்படியே போட வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் போடுவது: தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, செக்காம் என்று விற்கிறார்களே அந்தக் கருக்கிய நெல் உமி ஒரு பங்கு, சட்டே (குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி) சுட்டு மீந்த அடுப்புக்கரியைக் கடலை அளவுக்கு உடைத்தது ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். கலவையைக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் அடியில் ஒழுக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் அளவை எப்படி மாற்றினாலும் பாதகமில்லை.

சட்டி சின்னதாக இருக்கட்டும், வாய் 10 செண்டிமீட்டர் போதும். பெரிய சட்டியில் சின்னத் துண்டை வைத்தால், வேர் குடிக்காத ஈரமெல்லாம் அப்படியே நின்று அழுகலுக்கு வழி செய்யும். எங்கள் வரிசையில் ஒருவர் மைலோ டின்னில் நட்டார். பார்க்க அழகு. அடியில் ஓட்டை போட மறந்துவிட்டார்; வாரம் முடிவதற்குள் துண்டெல்லாம் அடியில் வெந்த மாதிரி கறுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. டின்னில் தப்பில்லை. ஆணியும் சுத்தியலும் எடுத்து அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டுவிட்டு நடுங்கள்.

அடி வில்லையின் பாதி மட்டும் உள்ளே போகட்டும். நிற்காமல் சாய்ந்தால் பல்குச்சியை முட்டுக் கொடுக்கலாம், ஆழமாகப் புதைக்க வேண்டாம். ஒரு சட்டிக்கு மூன்றிலிருந்து ஐந்து துண்டு. ஒரே ஒரு துண்டு நட்டு அது புதராகும் வரை காத்திருப்பதைவிட இதுதான் பார்வைக்கும் நிறைவாக வரும். நட்டதும் கலவையை ஒரு தரம் நனைத்துவிட்டு, மேல்பகுதி காயும் வரை தண்ணீரைத் தொடாதீர்கள். விரலை ஒரு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்றைக்கு வேண்டாம். எங்கள் ஊர் ஈரத்துக்குச் சட்டியின் மேல் பிளாஸ்டிக் பை கவிழ்ப்பதெல்லாம் தேவையில்லாத வேலை. அது குளிர்நாட்டில், சூடேற்றிக் காய்ந்துபோன அறைக்குள் வளர்ப்பவர்கள் செய்வது. நாம் செய்தால் உள்ளே பூசணம் பூக்கும்.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். கிழக்கு பார்த்த முன்வாசலில் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் சரி. மத்தியான வெயில் பட்டால் வில்லை செங்காவி நிறத்துக்கு மாறிச் சுருங்கும். மழைச் சாரல் அடிக்கிற கூரை ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நம் சூட்டில் வேர் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். தெரிந்துகொள்வது எப்படி என்றால், வாடிச் சுருங்கியிருந்த வில்லை மறுபடி உப்பும். சட்டியை லேசாகத் தட்டினால் துண்டு ஆடாமல் நிற்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நுனியில் சிவப்பாக ஒரு சின்ன முளை. அது வந்துவிட்டால் செடி பிழைத்துவிட்டது. வேர் வந்தும் முளை வராமல் சும்மா நிற்கும் துண்டுகளும் உண்டு, அவை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். விடுங்கள்.

அடி கறுத்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட துண்டு தேறாது என்று முழுவதும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கறுப்புக்கு மேலே ஒரு வில்லை பச்சையாக, விறைப்பாக இருந்தால் அந்தக் கணுவில் திருகி எடுத்து, மறுபடி உலர்த்தி, புதுக் கலவையில் நடலாம். பழைய கலவையைக் கத்தரிச் செடிக்குக் கொட்டாமல் தூரப் போடுங்கள். அழுகல் பூஞ்சை அதில் இருக்கும்.

பூச்சியில் முக்கியமாக மாவுப்பூச்சி. கணு இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் அது இருக்கிறது என்று அர்த்தம். பழைய பல்துலக்கியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பெரிய நத்தை மழை இரவில் வந்து இளம் வில்லையைக் கடித்துவிட்டுப் போகும். தொங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

உரத்துக்குத் தோட்டத்து வீடுகளில் பஞ்சமில்லை. செம்பனைக்குப் போடும் 12-12-17-2 என்பிகே நீல உரம் ஒரு மைலோ டின்னாவது எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் இருக்கும். அதைப் பிடி பிடியாக இந்தச் சட்டியில் போட்டால் வேர் கருகும். நாலைந்து மணியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முளை வந்த பிறகு மாதம் ஒரு தரம், ஈரமான கலவையின் மேல் ஊற்றினால் நிறைவு. ஆகஸ்டு கடைசியோடு அதையும் நிறுத்திவிடலாம்.

இவ்வளவு செய்தால் ஒரு வருடத்தில் சட்டி நிறைந்து ஓரத்தில் வழிந்து தொங்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பச்சையாக இருக்கும்.

பூவுக்கு இரண்டு விஷயம் வேண்டும், நீண்ட இருட்டும் குளிர்ந்த இரவும். இந்தச் செடி பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டுக் கட்டும் இனம். இரவு 12 மணி நேரத்துக்கு மேல் போனால், 15 முதல் 20 பாகை செல்சியஸ் குளிரில், சில வாரங்களில் நுனியில் மொட்டு தெரியும். குளிர் இன்னும் இறங்கி 10, 15 பாகை ஆனால் இருட்டைக்கூடக் கணக்கு வைத்துக்கொள்ளாமல் மொட்டுக் கட்டும். ஆனால் இரவு 23, 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால், எவ்வளவு இருட்டு கொடுத்தாலும் பெரும்பாலும் புது வில்லைதான் விடும், மொட்டு விடாது. தாப்பா பூமத்திய ரேகைக்கு 4 பாகை வடக்கே இருக்கிறது. நம் இரவு வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம், கூடிக் குறைவதெல்லாம் அரை மணி நேரத்துக்குள். இருட்டில் நமக்குப் பெரிய குறையில்லை. குறை சூட்டில்தான். நம் ஊரில் விடியற்காலையில் போர்வை தேடினாலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே இரவு 15 பாகையை ஒட்டி நிற்கும்.

தங்கை வாழ்க்கைப்பட்டது தானா ராத்தாவுக்கு. அவள் வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டுகிறவர், இறங்கும்போது முட்டைக்கோஸ், ஏறும்போது லாரி காலி. அந்தக் காலி லாரியில்தான் என் சட்டி முதன்முதலாக மலையேறியது. ஒரே தாய்ச்செடியில் ஒரே நாளில் ஒடித்து நட்ட இரண்டு சட்டிகளில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன், ஒன்றை இங்கேயே வைத்துக்கொண்டேன். கலவை ஒன்று, உரம் ஒன்று. தண்டில் வளர்த்தது என்பதால் இரண்டும் இரண்டு செடிகூட இல்லை, ஒரே செடியின் இரண்டு கிளை. ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகமாக எத்தனையோ தோட்டங்களில் நின்ற மரமெல்லாம் ஒரு தாய்மரத்தின் மொட்டுக் கண்தான். மேலே போன சட்டி நுனிக்கு நுனி மொட்டு வைத்தது. கீழே இருந்தது அதே வாரங்களில் புது வில்லை மட்டும் விட்டது. "நான் ஒண்ணுமே செய்யலக்கா, தண்ணிகூட மறந்துட்டேன்" என்றாள் தங்கை. அவள் செய்ய ஒன்றுமில்லைதான், இரவு செய்துவிட்டது.

அதிலிருந்து வருடா வருடம் சட்டிகள் மலைக்குப் போய் வருகின்றன. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குளிர் தொடங்கி மொட்டுத் தெரிந்து பூ விரிய ஒன்பது, பத்து வாரம் ஆகும். கிறிஸ்மஸுக்கு வேண்டுமென்றால் அக்டோபர் தொடக்கத்தில் ஏற்றிவிட வேண்டும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே ஏற்ற வேண்டும். அந்தப் பண்டிகையோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை வருடத்துக்கு ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். பஞ்சாங்கம் பார்த்துக் கள்ளியை ஏற்றுகிற பொறுமை எனக்கு இல்லை, அதனால் கிறிஸ்மஸ் கணக்கையே பிடித்துக்கொண்டேன்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிளை நுனியிலும் இருக்கும், இன்னும் முற்றாத குட்டி வில்லையைக் கிள்ளி விடுங்கள். முற்றின வில்லையின் நுனிதான் மொட்டு வைக்கும். இளசு அதை ஏமாற்றிவிடும். கிள்ளின சட்டியில் எல்லா நுனியும் ஒரே சமயத்தில் பூக்கும், கிள்ளாததில் இங்கொன்று அங்கொன்று.

மலையில் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வாசல் விளக்கு எரியும் இடத்தில் வேண்டாம், தெரு விளக்கு பார்க்கிற ஜன்னலிலும் வேண்டாம். ஏழு மணிக்கு மேல் இருட்டிவிடுகிற பின்பக்கமாக, மழை படாத இறக்கத்தின் கீழ் வைத்தால் போதும்.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம். மொட்டு குருணை அளவில் இருக்கும்போது இறக்கினால் நம் சூட்டில் எல்லாம் கொட்டிவிடும். விரல்நுனி நீளத்துக்கு வளர்ந்து, நிறம் தெரிந்த பிறகு இறக்குங்கள். லாரியின் பின்பக்கத்தில் காற்று அடித்தால் மொட்டு தாங்காது. முன் இருக்கையின் கீழே, நாளிதழைக் கூம்பாகச் சுற்றி நிறுத்தினால் வளைவுகளில் ஆடாமல் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு இடத்தில் வைத்தால் வைத்ததுதான். இன்றைக்கு மேசை, நாளைக்குச் சாமி அறை, மறுநாள் விருந்தினர் கண்ணில் படும் இடம் என்று தூக்கிக்கொண்டு திரிந்தால் மொட்டு உதிரும். இந்தச் சமயத்தில் கலவையை முழுக்கக் காயவிடவும் கூடாது. கீழே வந்த பிறகு பூ மலையில் நிற்கிற அளவுக்கு நிற்காது, சீக்கிரம் விரிந்து சீக்கிரம் தளரும். தங்கை அங்கே வைத்துக்கொண்ட சட்டியில் பூ நிற்பதைப் பார்க்கும்போது பொறாமைதான்.

மலையில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். மாலையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து இருட்டாக்குங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். குளிரான ஊரில் அது வேலை செய்யும். நம் ஊரில் பெட்டிக்குள் புழுக்கம் கூடி, சூட்டையும் சேர்த்துக் கொடுத்த கதையாகும். குளிர்சாதன அறையில் இரவு முழுக்க விளக்கணைத்துத் தூங்குகிறவர்கள் சட்டியை அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். 20 பாகைக்கு ஓட்டினால் மொட்டு வர வாய்ப்பு உண்டு, ஆனால் மின்கட்டணத்தைச் செடியின் தலையில் கட்டாதீர்கள். வருடக் கடைசி மழையில், வீட்டின் ஈரமான, இருண்ட பக்கத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு மொட்டு வைத்த சட்டியையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பித் திட்டம் போட முடியாது. என்னைக் கேட்டால், மலை வசதி இல்லாதவர்கள் இதைத் தொங்கும் பச்சைச் செடியாக வளர்த்துவிட்டுப் போகலாம். பூவுக்கு நம் மண்ணில் செம்பருத்தியும் இட்லிப் பூவும் இருக்கவே இருக்கின்றன.

கிறிஸ்மஸுக்கு விற்கும் இன்னொரு செடியான, நுனி இலை சிவக்கும் போயின்செட்டியாவைப் பற்றியும் கேட்கிறார்கள். மெக்சிகோக்காரி, அதுவும் தண்டில் வரும், அதுவும் இருட்டுக் கணக்குப் பார்க்கும் இனம், இரவுச் சூட்டில் சிவப்பு தாமதமாகும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்குத் தோலில் அரிக்கும். கள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை. பூனை, நாய் கடித்தாலும் விஷமில்லை. பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு நான் கள்ளியைத்தான் கொடுப்பேன்.

இன்னொரு கேள்வி, பழம் ஏன் காய்ப்பதில்லை என்று. ஒரு தாயின் தண்டுகளை எத்தனை சட்டியில் பிரித்து நட்டாலும் அது ஒரே செடி. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெள்ளைப் பூச் செடி ஒன்றையும் வாங்கி, இரண்டும் ஒரே நேரம் பூத்தால், மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவிப் பார்க்கலாம். சிவப்பாகச் சின்னக் காய் பிடித்துப் பல மாதம் நிற்கும். விதையிலிருந்து வளர்ப்பதற்கு இருக்கும் பொறுமைக்காரர்கள் செய்யட்டும், எனக்குத் தண்டு போதும்.

துண்டு கேட்டு வருகிறவர்கள் கிறிஸ்மஸ் அன்றே கேட்கிறார்கள், பூவோடு இருக்கும்போது. கொடுக்க மாட்டேன். பூ விழட்டும், பொங்கல் முடியட்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போய்விட்டு வந்த பிறகு வாருங்கள், எந்த நிறம் வேண்டுமென்று இப்போதே சொல்லிவிடுங்கள், கிளையில் நூல் கட்டி அடையாளம் வைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பும்போது துண்டுகளை உலர்ந்த நாளிதழில் சுருட்டிச் செருப்புப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றுவார்; ஒரு வாரம் கிடந்தாலும் கெடாது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து ஊர் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். ஆகவே பை கொண்டு வராதீர்கள், பழைய நாளிதழ் என்னிடமே இருக்கிறது.